லாக்புக்கை விடுங்கள், அந்த 88.9 என்ன ஆயிற்று?

மருந்து ஆலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டு (க்யூசி) ஆய்வகத்தில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், நிறுவனம், மருந்தின் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

எம்.எஸ்சி. வேதியியல் படித்தவர். க்யூசியில் இது மூன்றாவது வருஷம். வீடு இவர் சம்பளத்தில்தான் ஓடுகிறது. கல்விக் கடனும் பாக்கி இருக்கிறது. ஆறு வாரத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட் வரப்போகிறது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று தினமும் சோதித்து எழுதும் காலிபரேஷன் லாக்புக்கில் நான்கு மாதங்களில் பல நாட்கள் காலியாகக் கிடக்கின்றன. சூப்பர்வைசர் புது லாக்புக் ஒன்றைக் கையில் கொடுத்து, "பழையதைப் பார்த்து, விட்டுப்போன நாளையும் சேர்த்து ஃபேர் பண்ணிடும்மா" என்றிருக்கிறார். 11 பக்கம் எழுதிய பிறகு மனசு ஒப்பாமல் நிறுத்திவிட்டார். பழைய பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

கடிதத்தின் நடுவே, போகிற போக்கில், இன்னொன்றையும் சொல்கிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு பேட்ச் மாத்திரையின் அஸ்ஸே, அதாவது இருக்க வேண்டிய மருந்தில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு, அதை அளக்கும் எச்பிஎல்சி கருவியில் 88.9 சதவீதம் வந்தது. வரம்பு 90 முதல் 110. "அதை ட்ரையல் இன்ஜெக்ஷன்னு வச்சுக்கோ, புதுசா சாம்பிள் ரெடி பண்ணு" என்று சொன்னார்கள். அடுத்த முறை 97.6 வந்தது. பேட்ச் பாஸ். முதல் ரன், அதாவது 88.9 வந்த சோதனையின் பதிவு, 'டெஸ்ட்' என்ற ஃபோல்டருக்குப் போய்விட்டது. ஆய்வகத்தில் எல்லாரும் ஒரே லாகினில்தான் வேலை செய்கிறார்கள்.

அவர் கேட்பது இவைதான். மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, நான் எழுதும் எண்கள் பொய்யில்லை, தேதிதானே மாறுகிறது, இது குற்றமா? மேலதிகாரி சொல்லித்தானே செய்தேன்? மொபைலில் உள்ள படங்கள் என்னைக் காப்பாற்றுமா? ஆடிட்டுக்கு முன்பே வேலையை விட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

யாரும் சொல்லாமல் நீங்களாகவே நிறுத்தினீர்கள். அதனால்தான் இந்தப் பதிலை எழுதுவது எனக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் லாக்புக்குக்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், 88.9க்கு நான்கு வரி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத் தலைகீழாக எழுதியிருப்பேன். பி.எச். மீட்டரைச் சில நாட்கள் காலிபரேட் செய்யாமல் விட்டது, பெரும்பாலும் சரிசெய்துவிடக்கூடிய டீவியேஷன், அதாவது விதிமுறையிலிருந்து விலகல். அந்த பேட்ச் அப்படியில்லை. அது தினமும் மாத்திரை போட்டாக வேண்டிய நோயாளிகளின் வீட்டில் இருக்கிறது.

அந்த முதல் ரன்

88.9 வந்தது உங்கள் குற்றமில்லை. மாத்திரை மோசம் என்றும் அதற்கு உடனே அர்த்தமில்லை. சோனிகேஷன் (ஒலி அலையால் கரைப்பது) போதாமல் மருந்து முழுதாகக் கரையாமல் இருந்திருக்கலாம், டைல்யூஷனில் பிசகியிருக்கலாம், வயலில் (சாம்பிள் குப்பியில்) காற்றுக் குமிழி இருந்திருக்கலாம். ஆனால் இவற்றில் எது என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்காததால், "முதல் எண் தப்பு, இரண்டாவது எண் சரி" என்று நீங்கள் நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நேர்மாறாகவும் இருக்கலாம்.

வரம்புக்கு வெளியே ரிசல்ட் வந்தால், அதாவது ஓஓஎஸ் என்றால், முதல் வேலை கரைசல்களைக் கொட்டாமல் வைப்பது. அப்புறம் அனலிஸ்டும் சூப்பர்வைசரும் உட்கார்ந்து எடை, ஃபிளாஸ்க், பிப்பெட், ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்), குரோமடோகிராம் (கருவி தரும் வரைபடம்) எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். காரணம் தேடுவதற்காக அதே வயலை மறுபடி இன்ஜெக்ட் செய்யலாம்; அதையும் எழுதி வைத்துத்தான் செய்ய வேண்டும். ஆய்வகத் தவறு என்று நிரூபணமானால் முதல் ரிசல்ட்டைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நிரூபிக்க முடியவில்லை என்றால் அந்த எண் நிற்கும். விசாரணை உற்பத்திப் பக்கம் போகும். பாஸ் ஆகும்வரை சோதித்துப் பார்ப்பது வழியல்ல என்ற விஷயம் அமெரிக்காவில் 1993இல் பார் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கிலேயே நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்துவிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2006இல் ஓஓஎஸ்ஸுக்குத் தனி வழிகாட்டி வெளியிட்டது. 2018 டிசம்பரில் வந்த அதன் டேட்டா இன்டெக்ரிட்டி (பதிவுகளின் நம்பகத்தன்மை) வழிகாட்டியில், உண்மையான சாம்பிளை 'ட்ரையல்' என்ற பெயரில் ஓட்டிப் பார்ப்பதைப் பெயர் சொல்லியே கண்டித்திருக்கிறது. கருவி தயாரா என்று பார்க்க வேண்டுமானால் ஸ்டாண்டர்டைப் போடுங்கள், பேட்ச் சாம்பிளைப் போடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம்.

"ஃபைலில் வைத்த பிரிண்ட் அவுட்டில் 97.6தான் இருக்கிறது, அதுதானே ரா டேட்டா (அசல் பதிவு)" என்று எழுதியிருக்கிறீர்கள். இது நிறைய ஆய்வகங்களில் இருக்கும் நம்பிக்கை, தவறானது. பேலன்ஸ் போன்ற எளிய கருவியில் அந்தச் சின்னச் சீட்டே அசல் பதிவாக இருக்கலாம். (அது தெர்மல் பேப்பர் என்றால் எழுத்து மங்கும், நகலெடுத்து, சரிபார்த்துக் கையெழுத்திட்டு, அசலோடு சேர்த்து வையுங்கள்.) எச்பிஎல்சியில் அப்படியில்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பு, அதன் மெத்தட், சீக்வென்ஸ், வரைபடத்தின் பீக்கை எங்கே தொடங்கி எங்கே முடித்தீர்கள் என்ற இன்டெக்ரேஷன் விவரம், யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் ஆடிட் டிரெயில், இவ்வளவும் சேர்ந்ததுதான் அசல். காகிதத்தில் பார்ப்பது அதன் ஒரு பக்கத் தோற்றம் மட்டுமே.

ஃபோல்டரை மாற்றியதால் எதுவும் மறைந்துவிடவில்லை. ஆடிட்டர்கள் இப்போதெல்லாம் ஃபைலைவிடக் கம்ப்யூட்டர் முன்னால்தான் அதிக நேரம் உட்காருகிறார்கள். எச்பிஎல்சியின் பிரிப்புக் குழாயான காலத்துக்குரிய (column) லாக்கில் எழுதிய இன்ஜெக்ஷன் எண்ணிக்கை ரிப்போர்ட்டோடு பொருந்துகிறதா, இரண்டு ரன்களுக்கு நடுவே கருவி ஏன் இரண்டு மணி நேரம் சும்மா இருந்தது, 'டெஸ்ட்' ஃபோல்டரில் பேட்ச் எண்ணோடு ஏதாவது இருக்கிறதா என்பதெல்லாம் அவர்கள் வழக்கமாகக் கேட்பவை. அதற்காக இப்போது நீங்கள் போய் அந்த ரன்னைப் பழைய இடத்துக்கு நகர்த்திவிடாதீர்கள். அது இன்னொரு தடயத்தைத்தான் உண்டாக்கும், அதுவும் ஆடிட்டுக்கு முந்தைய தேதியில். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். எந்த இடம், எந்த நாள், என்ன பெயர் என்பதைத் தர உறுதிப் பிரிவான க்யூஏவுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

இதில் உங்களுக்குத் தோன்றாத ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அந்த பேட்சின் ரிடென்ஷன் சாம்பிள் (பின்னால் பார்ப்பதற்காக எடுத்து வைக்கும் மாதிரி) இன்றும் உங்கள் ஆலையில் இருக்கும். காலாவதி முடிந்து ஒரு வருஷம் வரை வைத்திருப்பது வழக்கம். நாளாக ஆக மருந்து கெடுகிறதா என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி சோதனையில் வைத்த பேட்ச் என்றால் அந்த எண்களும் இருக்கும். க்யூஏ முறைப்படி விசாரணை திறந்து, முறைப்படி சோதித்தால், மாத்திரையில் மருந்து உண்மையில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நன்றாக இருந்தால் உங்கள் தூக்கமின்மை அதோடு தீரும். குறைவாக இருந்தால் பேட்சைத் திரும்பப் பெறுவதைப் பற்றிக் கம்பெனி முடிவெடுக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்களே, அந்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அதில் 48.6 சதவீதம் டைஎத்திலின் கிளைகால் என்ற நச்சுப்பொருள் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான் கண்டறிந்தது. உங்கள் விஷயம் அதுவல்ல, அதன் அருகில்கூட இல்லை. ஆய்வக எண் ஒன்று கதவைத் தாண்டிப் போனால் எங்கே போய்ச் சேருகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

"எண் சரிதானே"

இனி லாக்புக். பயிற்சி வகுப்பில் அல்கோவா என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள்: யார் செய்தது என்று தெரிய வேண்டும், படிக்க முடிய வேண்டும், செய்த நேரத்தில் எழுத வேண்டும், அசலாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும். நீங்கள் கடைசி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். அதுவும் நிற்காது. காலிபரேஷனே செய்யாத நாளுக்கு 4.01, 7.00 என்று எழுதினால் அது "சரியான எண்" எப்படி ஆகும்? மீட்டர் நன்றாக இருக்கிறது என்பது உங்கள் ஊகம். லாக்புக்கில் எழுதுவது, அந்த நாளில் அதைப் பார்த்தேன் என்ற சாட்சியம்.

மாட்டிக்கொள்வதற்கும் அதிக நேரம் ஆகாது. காலிபரேஷனுக்கு எடுக்கும் பஃபர் கரைசல் பாட்டிலின் லாட் எண்ணும் அது திறந்த தேதியும் ஓர் இடத்தில் இருக்கும். உங்கள் வருகைப்பதிவு ஹெச்ஆரில் இருக்கும். லீவு போட்ட நாளில் கையெழுத்து இருந்தால் முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கு மாதம் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஓர் அடித்தல்கூட இல்லாத லாக்புக்கைப் பார்த்தால் எந்த ஆடிட்டருக்கும் முதலில் சந்தேகம்தான் வரும். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி, காரணம் என்று எழுதிய அழுக்குப் பக்கத்தை ஆடிட்டர்களான நாங்கள் நம்புவோம்.

ஒரு கேள்வி. அந்தப் புது லாக்புக்கை யார் கொடுத்தது? ஒழுங்கான ஆலையில் வெற்று லாக்புக்கை க்யூஏதான் எண் போட்டு, பதிவேட்டில் தேதி எழுதி வழங்கும். க்யூஏ வழங்கியிருந்தால், இந்த மாதம் வெளியே வந்த புத்தகத்தில் நான்கு மாதத்துக்கு முந்தைய பதிவு எப்படி என்று ஆடிட்டர் முதல் மணி நேரத்திலேயே கேட்பார். அதோடு, க்யூஏவில் யாருக்கோ இது தெரியும் என்றும் ஆகிறது. க்யூஏவுக்குத் தெரியாமல் நகலெடுத்த புத்தகம் என்றால் நிலைமை வேறு. அப்போது க்யூஏ தலைவர் உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வாய்ப்பு அதிகம். யாரிடம் போகலாம் என்பதை இந்த ஒரு விவரமே பாதி சொல்லிவிடும்.

எழுதிய 11 பக்கங்களைக் கிழிக்க வேண்டாம், வெள்ளை மை போட வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். பழைய லாக்புக்கும் அப்படியே இருக்க வேண்டும். 2022 இறுதியில் குஜராத்தின் ஆலை ஒன்றில் எஃப்டிஏ ஆய்வாளர்கள் கிழித்த ஆவணங்கள் நிறைந்த குப்பைப் பைகளைக் கண்டெடுத்தார்கள். அந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்காவில் 2023இல் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கு வந்த தட்டுப்பாட்டுக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். காலி லாக்புக் ஒரு குறை. கிழித்த லாக்புக் மறைப்பு. இரண்டையும் யாரும் ஒரே தராசில் வைப்பதில்லை.

செய்ய வேண்டியது, நடந்ததை இன்றைய தேதியில் எழுதுவது. காலியான நாட்கள் காலியாகவே இருக்கட்டும். டீவியேஷன் திறக்கட்டும். அந்த இடைவெளிக்கு முன்னும் பின்னும் செய்த காலிபரேஷனில் மீட்டர் எஸ்ஓபி (எழுதி வைத்த செயல்முறை) வரம்புக்குள் இருந்தது என்று காட்டி, அந்த நாட்களில் அதில் பார்த்த சாம்பிள்கள் எவை என்று பட்டியலிட்டு, பாதிப்பு இல்லை என்று வாதாட முடியும். ஆடிட்டுக்கு முன்பே தாங்களாகக் கண்டுபிடித்துத் திறந்த டீவியேஷன் ஒரு கம்பெனிக்கு அவமானமில்லை. நான் ஆடிட்டராகப் போன இடங்களில் அப்படி ஒன்றைக் காட்டினால் எனக்கு அந்த ஆய்வகத்தின் மேல் மதிப்பு கூடத்தான் செய்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

நான் வழக்கறிஞர் இல்லை. க்யூஏவிலும் ஆடிட்டிலும் இருப்பவன். அதனால் பொதுவாக மட்டும் சொல்கிறேன், முடிவெடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். "மேலே சொன்னார்கள், செய்தேன்" என்பது தண்டனையைக் குறைக்கக் காரணமாகலாம். முழுப் பாதுகாப்பு ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 344ஆம் பிரிவு, ஊழியர் ஒருவர் ஏமாற்றும் நோக்கத்தோடு முதலாளியின் கணக்கையோ ஆவணத்தையோ மின்பதிவையோ மாற்றினால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. நோக்கம் என்ற சொல் அங்கே முக்கியம். நிறுத்திவிட்டு எழுத்தில் சொன்னவரையும் முழுசாக எழுதிக் கொடுத்தவரையும் அது பிரித்துக் காட்டும். மருந்துகள், அழகுப்பொருட்கள் சட்டத்தின் 34ஆம் பிரிவு கம்பெனியோடு பொறுப்பில் இருந்தவர்களையும் சேர்த்தே பிடிக்கிறது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, நான் உரிய கவனத்தோடுதான் இருந்தேன் என்றோ நிரூபிப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. அமெரிக்காவில் ஏபிள் லேபரட்டரீஸ் என்ற நிறுவனம் ஆய்வக எண்களை மாற்றியது 2005இல் வெளிவந்தபோது அதன் எல்லா மருந்துகளும் திரும்பப் பெறப்பட்டன. 2007இல் அதன் முன்னாள் ஊழியர்கள் நால்வர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

பொது லாகினைப் பற்றி நீங்கள் சற்று நிம்மதியாக எழுதியிருப்பது போலத் தெரிந்தது. யார் செய்தது என்று நிரூபிக்க முடியாதே என்று நினைக்கிறீர்களோ? ஒர்க்ஷீட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. கம்ப்யூட்டரில் யார் என்று தெரியாவிட்டால் காகிதத்தில் இருப்பவர் தலையில்தான் எல்லாம் விழும், நீங்கள் செய்யாததும் சேர்த்து. அங்கீகரிக்கப்பட்டவர் மட்டும் கடவுச்சொல்லோடு நுழைய வேண்டும் என்பது மருந்து உற்பத்தி விதிகளான ஷெட்யூல் எம்மைத் திருத்துவதற்கு முன்பே அதில் இருந்த விதி. தனி லாகின் கேட்டு ஐடிக்கும் க்யூஏவுக்கும் இன்றே மெயில் போடுங்கள். இது யாரையும் குற்றம் சொல்லாத மெயில், தயக்கம் வேண்டியதில்லை.

மொபைலில் உள்ள படங்கள்

நீங்கள் அதைக் கேடயம் என்று நினைக்கிறீர்கள். அது உங்களையே வெட்டவும் கூடும். வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். லாக்புக் படம் வரை ஒப்பந்தப் பிரச்சினையோடு போகலாம். கம்ப்யூட்டரிலிருந்து அனுமதியில்லாமல் டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் வரை நீளும். இனி எதையும் படம் எடுக்காதீர்கள், யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அதே நேரம் பயந்துபோய் அழித்துவிடவும் வேண்டாம். அதைப் பற்றி வழக்கறிஞர் சொல்வதைக் கேளுங்கள். எந்த நாளில், யார், என்ன சொன்னார்கள் என்று வீட்டில் உங்கள் டைரியில் எழுதி வைக்கலாம். பேட்ச் விவரம், மருந்து விவரம் அதில் வேண்டாம். இதைவிட நல்ல ஆதாரம் கம்பெனி மெயிலிலேயே நீங்கள் அனுப்பும் ஒரு கடிதம்.

அதை இப்படி எழுதலாம், ஆங்கிலத்தில், உணர்ச்சியில்லாமல்: "பி.எச். மீட்டர் லாக்புக்கில் விட்டுப்போன நாட்களுக்கு இந்தத் தேதியில் 11 பக்கம் எழுதினேன். அவை அந்தந்த நாளில் எழுதியவை அல்ல. மேற்கொண்டு எழுதவில்லை. இந்த பேட்சின் அஸ்ஸேயில் இந்த நாளில் கிடைத்த முதல் ரிசல்ட் ரிப்போர்ட்டில் சேர்க்கப்படவில்லை. அது இந்த ஃபோல்டரில் இருக்கிறது. இரண்டையும் எப்படிப் பதிவு செய்வது என்று வழிகாட்டுங்கள்." யார் சொல்லி எழுதினீர்கள் என்பதை முதல் மெயிலில் போட வேண்டாம். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். சூப்பர்வைசரிடம் அனுப்பும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "சார், ஆடிட்டில் கேட்டால் என்னால் பொய் சொல்ல வராது, அதனால் க்யூஏவுக்கு எழுதுகிறேன்." அவரும் மேலிருந்து வரும் நெருக்கடியில்தான் இருக்கிறார், சில சமயம் இப்படி ஒருவர் வாய் திறப்பது அவருக்கே வசதியாகிவிடும். திட்டினால் திட்டட்டும்.

க்யூஏ தலைவரும் "பேசாம எழுதிக் கொடும்மா" என்றால்? பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம், அல்லது வங்கிகளில் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கிய நிறுவனம் என்றால், கம்பெனிகள் சட்டம் 177ஆம் பிரிவின்படி ஊழியர் புகார் சொல்ல விஜில் மெக்கானிசம் ஒன்று இருந்தாக வேண்டும். புகார் சொன்னவரைப் பழிவாங்காமல் காப்பதும் அதன் பகுதி. அதற்கும் அப்பால் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநரகம் இருக்கிறது. அங்கே லாக்புக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அந்த பேட்சைக் கம்பெனி விசாரிக்கவே மறுத்தால் மட்டும் போகலாம், வழக்கறிஞரிடம் பேசிவிட்டு. விசில்ப்ளோயர் சட்டம் இருக்கிறதே என்று எழுதியிருந்தீர்கள். 2014இல் நிறைவேறிய அந்தச் சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது, தனியார் ஆலைக்குப் பொருந்தாது; அதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதை நம்பி இறங்காதீர்கள். உங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு மெலிசாகத்தான் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. பேச்சுக்குப் பதில் எழுத்து, வெளியே போகும் முன் உள்ளே, குற்றச்சாட்டுக்குப் பதில் கேள்வி என்று போகச் சொல்வது அதனால்தான்.

வேலையை விடுவது உங்கள் உரிமை. ஆனால் மெயில் அனுப்பாமல் போனால், அந்த 11 பக்கமும் உங்கள் கையெழுத்தோடு அங்கேயே இருக்கும், விளக்கம் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். போன ஆளின் மேல் பழி போடுவது எந்த ஆய்வகத்திலும் சுலபம். மெயில் போன பிறகு, அதற்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இதற்கிடையில் வேறு வேலை தேடுவதில் தவறே இல்லை, கடன் இருப்பதால் தேடத்தான் வேண்டும். நோட்டீஸ் காலத்தை முழுசாக முடித்து, ரிலீவிங் லெட்டரோடு வெளியே வாருங்கள்.

ஆடிட் அன்று நீங்கள் அங்கே இருந்து, ஆடிட்டர் உங்களிடமே கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள், நினைவிருப்பதை நினைவில்லை என்று சொல்லாதீர்கள். "இந்தப் பக்கங்களை நான் இந்தத் தேதியில் எழுதினேன், க்யூஏவுக்குத் தெரிவித்துவிட்டேன், டீவியேஷன் எண் இது." அந்த எண் உங்கள் கையில் இருக்க வேண்டுமானால் மெயில் இந்த வாரமே போக வேண்டும், விசாரணை முடிய வழக்கமாக 30 நாள் ஆகும், உங்களிடம் இருப்பது ஆறு வாரம்.